தோசை சுடுவேன்னு ஏன் சொல்லல?

போன ஆடி மாதம், மாற்றுத்திறனாளி சான்றிதழைப் புதுப்பிக்க மாவட்டத் தலைநகர் வரை போய்விட்டு நானும் ஆட்டிசம் உள்ள என் மகனும் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஜன்னலோர இருக்கை அவனுக்கு. பேருந்து டிக்கெட்டை ஊசி மாதிரி இறுக்கிச் சுருட்டி, பிரித்து, மறுபடி சுருட்டிக்கொண்டே வந்தான். மனசுக்குள் ஏதாவது ஓடினால் அவன் விரல்கள் அதைத்தான் செய்யும். முக்கால் மணி நேரம் ஒரு வார்த்தை இல்லை. வண்டி பைபாஸில் ஏறியபோது, வெளியே பார்த்தபடியே சொன்னான்: "அம்மா, நீ பொய் சொன்ன."

"என்னடா பொய்?" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, காலையில் நான் டாக்டரிடம் சொன்னதை என் குரலிலேயே, என் இழுவையோடு அப்படியே திருப்பிச் சொன்னான். "இல்ல சார், தானா ஒண்ணும் செய்யத் தெரியாது சார், எல்லாம் நான்தான் சார்." பிறகு தன் குரலில், "நான் தோசை சுடுவேன். தோசை சுடுவேன்னு ஏன் சொல்லல?" என்றான்.

அவனுக்குப் பதினாறு வயது. பத்தாம் வகுப்பு. இதையெல்லாம் எழுதலாமா என்று அவனிடம் கேட்டேன். ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, "பேர் போடாத. தோசை போடலாம்" என்றான். அதனால் பேர் இல்லை. தோசை இருக்கிறது.

அவன் தோசை சுடுவதைப் பார்க்க வேண்டும். பெரிய வெங்காயத்தைப் பாதியாக வெட்டி, முள்கரண்டியில் குத்தி, எண்ணெயில் தொட்டுக் கல்லில் தேய்ப்பான். தண்ணீர் தெளித்து, சுர்ரென்ற சத்தம் அடங்கும்வரை தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பான். அடங்கியதும் அடுப்பை சிம்மில் வைத்து ஒரு கரண்டி மாவு. நடுவிலிருந்து ஏழு சுற்று. ஆறும் கிடையாது, எட்டும் கிடையாது. ஓரம் கல்லை விட்டுத் தானாக எழும்பும்வரை திருப்பியைத் தொட மாட்டான். நான் சுடும் பத்து தோசையில் ஒன்றாவது பிய்யும். அவனுக்குப் பிய்ந்து நான் பார்த்ததில்லை. இதைக் கற்றுக்கொள்ள அவனுக்கு ஒன்றரை வருடம் ஆனது. அந்த ஒன்றரை வருடத்தைத்தான் நான் காலையில் அவன் முன்னாலேயே இல்லை என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

நாற்பது

அன்று சான்றிதழுக்காக வராந்தாவில் காத்திருந்தவர்களுக்கு நான் சொன்னது புரியும். 2016ஆம் வருடத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்த பிறகுதான் ஆட்டிசம் தனிக் குறைபாடாக அந்தச் சட்டத்தின் பட்டியலுக்குள் வந்தது. 1995 சட்டத்தில் ஏழு வகைகள்தான் இருந்தன. இப்போது இருபத்தொன்று. நல்லதுதான். ஆனால் சலுகைகளில் பெரும்பாலானவற்றுக்குக் குறைபாடு 40 சதவீதமாவது இருக்க வேண்டும். ஆட்டிசத்தை அளக்க நம் நாட்டில் பயன்படுத்தும் அளவுகோலில் 40 கூறுகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். எவ்வளவு அதிகம் வாங்குகிறானோ அவ்வளவு குறைபாடு. பிள்ளையின் மதிப்பெண் கூட வேண்டுமே என்று எல்லா அம்மாக்களும் வேண்டிக்கொள்கிற இடம்தான் அதுவும். என்ன ஒன்று, இங்கே தலைகீழாக.

எனக்கு முன்னால் டோக்கன் வைத்திருந்த அம்மா, ஏழெட்டு வயதுப் பெண் குழந்தையை மடியில் சாய்த்துக்கொண்டு சொன்னார்: "குறைச்சுச் சொல்லிராதீங்கக்கா. நாப்பதுக்குக் கீழ போட்டுட்டா அப்புறம் அலையா அலையணும்." அவர் சொன்னது அக்கறையில் சொன்னது. அவர் அலைந்திருக்கிறார். எனக்கும் பயம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்லச் சொல்ல எழுத ஆள், ஒரு மொழிப்பாட விலக்கு எல்லாமே அந்தச் சான்றிதழை நம்பித்தான் இருக்கின்றன. அதனால் உள்ளே போனதும் கேட்ட கேள்விக்கெல்லாம் "இல்ல சார்". தானாகக் குளிப்பானா? பக்கத்தில் நிற்க வேண்டும் சார். கடைக்குப் போவானா? மாட்டான் சார். (போவான். தெருமுனைக் கடைக்கு, சில்லறை சரியாக எண்ணிக்கொண்டு.) சமைப்பது மாதிரி ஏதாவது? அந்தக் கேள்விக்குத்தான் நான் அந்தப் பதிலைச் சொன்னேன்.

நாற்பது நிமிடம் அவனைப் பற்றிப் பேசினோம். அவன் எனக்கும் மேசைக்கும் நடுவில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். யாரும் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. அந்த டாக்டர்மேல் எனக்குக் கோபமில்லை. அன்று வெளியே அறுபது பேராவது நின்றார்கள். அவர் கேட்டிருந்தாலும் அவன் வாயைத் திறக்குமுன் நான் பதில் சொல்லியிருப்பேன். மூன்றரை வயதில் முட்டுக்காட்டில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தில் அவனுக்கு ஆட்டிசம் என்று சொன்ன நாளிலிருந்து நான்தான் அவன் வாய். பள்ளியில், முடிதிருத்தும் கடையில், கல்யாண வீட்டில், பக்கத்து வீட்டில், எல்லா இடத்திலும். நன்றாகவே பேசினேன். பேசியிருக்காவிட்டால் அவனுக்குப் பள்ளியே கிடைத்திருக்காது. அதில் எனக்கு வருத்தமில்லை. எப்போது நிறுத்த வேண்டும் என்றுதான் எனக்கு யாரும் சொல்லவில்லை.

சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை

தனக்கு என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்பதைத் தானே எடுத்துச் சொல்வதற்கு நம் வீடுகளில் என்ன பெயர் என்று அந்த வாரம் முழுக்க யோசித்தேன். எதிர்த்துப் பேசுகிறான். வாய் நீளுது. முந்திரிக்கொட்டை. பெரியவங்க பேசும்போது குறுக்க வர்றான். எல்லாமே திட்டு. பிள்ளையைப் பாராட்ட வேண்டுமானால் "சொன்ன பேச்சைக் கேட்பான்" என்போம். சாதாரணமாக வளர்கிற பிள்ளை இதையெல்லாம் மீறித் தானாகவே எதிர்த்துப் பேசக் கற்றுக்கொண்டுவிடும். பதிமூன்று வயதில் கதவை அறைந்து சாத்தும். என் மகனைப் போன்ற பிள்ளைகளுக்கு அந்த வழியையும் நாமே அடைத்துவிடுகிறோம். நான் அடைத்தேன்.

நான்கு வயதிலிருந்து பத்து வயது வரை அவன் போன பயிற்சிகளை நினைத்துப் பார்க்கிறேன். "என்னைப் பாரு." "கை கீழ." "உட்காரு." "சூப்பர்! குட் பாய்!" கையை உதறினால் கையைப் பிடித்து அமர்த்துவோம். கண்ணைப் பார்த்தால் ஒரு ஜெம்ஸ் மிட்டாய். அவன் கண்ணைப் பார்க்கக் கற்றுக்கொண்டான். பார்க்கும்போது காது கேட்பதில்லை என்று பதினான்கு வயதில் எழுதிக் காட்டினான். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாதாம். அத்தனை வருடமும் எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு எங்கள் பேச்சைத் தவறவிட்டிருக்கிறான். நாங்கள் அதற்கு மிட்டாய் கொடுத்திருக்கிறோம். அந்தப் பயிற்சிகளில் நல்லவையும் உண்டு. சட்டைப் பொத்தான் போடவும் சைக்கிள் ஓட்டவும் அங்கேதான் கற்றான். ஆனால் ஆறு வருடத்தில் ஒரு நாள்கூட யாரும் அவனுக்கு "வேண்டாம்" சொல்லக் கற்றுக்கொடுக்கவில்லை. பெரியவர் யார் என்ன சொன்னாலும் செய்கிற பிள்ளையைத்தான் எல்லோருமாகச் சேர்ந்து உருவாக்கினோம். அந்தப் பிள்ளைக்கு இப்போது மீசை அரும்புகிறது. உடம்பு வளர்ந்துவிட்டது. தொடாதே என்று சொல்லத் தெரியாத உடம்பு. பேருந்தில் அன்று எனக்குத் தொண்டையை அடைத்தது தோசைக்காக மட்டுமல்ல. அம்மா சொன்னாலும் தப்பு தப்புதான் என்று பதினாறு வருடத்தில் முதல் முறையாக அவன் சொல்லியிருக்கிறான். அதைக் கெடுத்துவிடக் கூடாது என்ற பயம்.

"ஆமாடா, பொய்தான் சொன்னேன். தப்பு" என்றேன். தலையாட்டினான். டிக்கெட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

டேமியன் மில்ட்டன் என்று இங்கிலாந்தில் ஒரு சமூகவியலாளர் இருக்கிறார், அவரும் ஆட்டிசம் உள்ளவர். 2012இல் அவர் ஒரு கட்டுரையில் எழுதியதன் சாரம் இது: ஆட்டிசம் உள்ளவர்களுக்கு மற்றவர்களைப் புரிவதில்லை என்று சொல்லிக்கொண்டே இருக்கிறோம், மற்றவர்களுக்கும்தான் அவர்களைப் புரிவதில்லை, புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது. இதை முன்பே படித்திருந்தேன். சரி என்று தலையாட்டியும் இருந்தேன். அவன் என் குரலையே என்னிடம் திருப்பிக் கொடுத்தபோதுதான் உறைத்தது. சொன்னதையே திருப்பிச் சொல்வதை ஒரு அறிகுறியாக மட்டும் பார்த்துப் பழகியிருந்தேன். அவன் அதை சாட்சியாக வைத்திருக்கிறான். (இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆட்டிசத்துக்குத் தமிழில் சொல்லும் மதியிறுக்கம் என்ற சொல் எனக்குப் பிடிப்பதில்லை. அவன் மதி இறுகியதே இல்லை. பெற்றவர்கள் நாங்கள் ஆட்டிசம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.)

கேட்டுவிட்டு மீறினேன்

பிறகு வீட்டில் ஆரம்பித்தோம். சின்னச் சின்ன விஷயங்களில். "காபியா, டீயா?" என்று கேட்டால் "டீயா" என்பான். வரிசையை மாற்றி "டீயா, காபியா?" என்றால் "காபியா". கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொள்வது அவன் பழக்கம். வருடக்கணக்காக அதைத்தான் அவன் விருப்பம் என்று நினைத்து ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். இப்போது இரண்டையும் துண்டுச் சீட்டில் எழுதி வைக்கிறேன், மூன்றாவதாக "ரெண்டும் வேண்டாம்" என்று ஒரு சீட்டு. முதல் வாரம் அந்த மூன்றாவது சீட்டை அவன் தொடவேயில்லை. எட்டாம் நாள் எடுத்தான். அன்றிலிருந்து பத்து நாள் காலையில் எதுவும் குடிக்கவில்லை. எனக்கு வயிறு கலங்கியது. என் கணவர்தான், "அவன் சோதிச்சுப் பாக்குறான், நெசமா விடுறோமான்னு" என்றார். பதினோராம் நாள் சீட்டுகளைத் தள்ளிவிட்டு, "பூஸ்ட்" என்றான். பதினாறு வருடமாக எங்கள் வீட்டில் யாரும் பூஸ்ட் வாங்கியதில்லை.

கேட்ட பிறகு காத்திருப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது, இருக்கிறது. கேள்வி அவனுக்குள் போய்ப் பதிலாகத் திரும்பி வர நேரம் எடுக்கும். மனதுக்குள் பதினைந்து வரை எண்ணுகிறேன். பன்னிரண்டில் என் மாமியார் பதில் சொல்லிவிடுவார். அவர் சொல்லாவிட்டால் நான்.

ஐப்பசியில் என் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். வருகிறாயா என்று முறைப்படி அவனிடம் கேட்டேன். சீட்டு வேண்டாம் என்று வாயாலேயே சொன்னான்: "வரல. மேளம்." நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் தாய்மாமன் வீடு, முதல் வரிசையில் நிற்க வேண்டியவர்கள் நாங்கள். பையனை ஏன் கூட்டிவரவில்லை, ஒளித்து வைக்கிறார்களா என்று ஊர் பேசும். பத்து நிமிஷம்தான் கண்ணா, காதில் பஞ்சு வைத்துக்கொள்ளலாம், தாலி கட்டினதும் வெளியே போய்விடலாம். அவன் சட்டையை மாட்டிவிட்டது நான்தான். கெட்டிமேளம் கொட்டியபோது அவன் காதைப் பொத்திக்கொண்டு மேடைக்குக் கீழேயே உட்கார்ந்துவிட்டான். பிறகு தலையைத் தரையில் மோத ஆரம்பித்தான். என் கணவரும் நானுமாகத் தூக்கிப் போய்ச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் பின்னால் பாத்திரம் கழுவும் இடத்தில் உட்கார வைத்தோம். நெற்றியில் புடைத்திருந்தது. அவன் அழவில்லை. "வரல. மேளம். வரல. மேளம்" என்று நான் கேட்ட அன்று சொன்ன அதே தொனியில் சொல்லிக்கொண்டேயிருந்தான்.

ஒன்றரை மாதம் அவன் சீட்டுகளைத் தொடவில்லை. நான் எதைக் கேட்டாலும் கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொன்னான். கேட்காமலே இருந்திருந்தால்கூட அவன் இவ்வளவு உள்ளே போயிருக்க மாட்டான். கேட்டேன், அவன் சிரமப்பட்டுப் பதில் சொன்னான், அந்தப் பதிலுக்கு மதிப்பில்லை என்று காட்டினேன். நாத்தனாரிடம் பின்னால் விஷயத்தைச் சொன்னபோது அவர், "முன்னமே சொல்லியிருந்தா நானே வேண்டாம்னு சொல்லியிருப்பேனே அண்ணி" என்றார். நான் யாருக்குப் பயந்தேனோ அவரே அப்படிச் சொன்னார்.

ஒரு பக்கம்

கார்த்திகை முடியும் நேரத்தில் ஒரு நாள் அவனாகவே "ரெண்டும் வேண்டாம்" சீட்டை எடுத்து என் முன்னால் வைத்தான். அதன் பிறகுதான் பொதுத்தேர்வுக்கான தாளில் உட்கார்ந்தோம். தலைமையாசிரியரிடம் கொடுக்க, அவனுக்கு என்ன தேவை என்று ஒரே ஒரு பக்கம். காலாண்டுத் தேர்வில் ஒரு இளம் ஆசிரியரை உட்கார வைத்து, இவன் சொல்லச் சொல்ல எழுதவைத்துப் பார்த்திருந்தார்கள். அவன் கையெழுத்து மெதுவாக வரும், அரை மணியில் விரல் இறுகிவிடும். எழுதும் ஆள் இருந்தால்தான் தப்பிப்பான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் பதினான்கு வரி எழுதிக் கொடுத்தேன். பென்சிலை எடுத்து ஒன்பதை அடித்தான். ஒவ்வொன்றையும் ஸ்கேல் வைத்து, ஒரே கோடாக. அடித்ததில் முதல் வரி எழுதும் ஆள் பற்றியது.

ஏன் என்று கேட்டேன். எண்ணினேன். பதினைந்து, இருபது, முப்பது.

"நான் முடிக்கிறதுக்குள்ள சார் முடிச்சிடுறாரு. அம்மா மாதிரி."

மிஞ்சிய ஐந்து வரிகளோடு அவனாக இரண்டு சேர்த்தான். இப்போது அந்தத் தாளில் இருப்பது இதுதான். மின்விசிறி கடகடன்னு சுத்தினா கேள்வி படிக்க முடியாது. ஒரு மணி நேரம் கூடுதலாக வேண்டும். தோளைத் தொடாதீங்க, பேர் சொல்லிக் கூப்பிடுங்க. கேள்வி கேட்டால் பதில் வர நேரமாகும், நடுவில் மறுபடி கேட்டால் நான் முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். கை வலித்தால் எழுந்து நடப்பேன், அது காப்பி அடிக்க இல்லை. விடைத்தாளை நானே கட்டுவேன். எனக்கு தோசை சுடத் தெரியும். பரீட்சைக்கு எதுக்குடா தோசை என்று கடைசி வரியை எடுக்கச் சொன்னேன். எடுக்க மாட்டேன் என்றான். இருக்கிறது.

இன்னும் இரண்டு வருடத்தில் அவனுக்குப் பதினெட்டு. 1999இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் தலைமையில் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்து நாங்கள் சட்டப்படி அவன் காப்பாளர் ஆகலாம். இப்போதே விண்ணப்பத்தை வாங்கி வைத்துக்கொள் என்று தெரிந்த பெற்றோர் சொல்கிறார்கள். 2016 சட்டமோ, மற்றவர்களுக்கு இருக்கிற சட்டத் தகுதி இவர்களுக்கும் உண்டு என்கிறது. காப்பாளர் வேண்டுமென்றால் அது வரம்புக்குட்பட்டது, இருவரும் நம்பிக்கையோடு கலந்து எடுக்கும் முடிவு என்கிறது. இரண்டு சட்டங்களுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்று நானும் என் கணவரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். அவனையும் உட்கார வைத்துக்கொண்டு பேசுகிறோம். இதுவே ஒரு வருடம் முன்பு நடந்திருக்காது.

மார்கழியில் தலைமையாசிரியரைப் பார்க்கப் போனோம். வழியெல்லாம் என் நாக்கை மடித்து வைத்துக்கொண்டு வந்தேன் என்றே சொல்ல வேண்டும். அவர் தாளைப் படித்தார். என்னைப் பார்த்து, "மேடம், எழுத ஆள் வேண்டாமா? அதுதானே பையனுக்கு முக்கியம்?" என்றார். எனக்கும் அதே எண்ணம்தான். இந்த நிமிடம் வரை அதே எண்ணம்தான். மதிப்பெண் குறையும், பதினொன்றாம் வகுப்பில் கேட்ட பிரிவு கிடைக்காமல் போகும் என்று தூக்கம் வராத இரவுகள் உண்டு. "சார், அவன்கிட்டயே கேளுங்க" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாரோ பேசியது போலிருந்தது.

அவர் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். தாளைப் படித்திருக்கிறார். "எழுத ஆள் வேண்டாமாப்பா?"

நான் எண்ண ஆரம்பித்தேன். அவன் மேசை மேலிருந்த கண்ணாடி எடைக்கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தான். பத்து. பதினைந்து. தலைமையாசிரியர் மறுபடி வாயைத் திறந்தவர், தாளைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். அந்த மனிதருக்கு நான் வாழ்நாளெல்லாம் கடன்பட்டிருக்கிறேன்.

"மூணு மணி நேரம். கூட ஒரு மணி நேரம். நாலு மணி நேரம் நானே எழுதுவேன். கை வலிச்சா நிறுத்துவேன். அப்புறம் எழுதுவேன்."

அவர் விண்ணப்பத்தை எடுத்து நிரப்பத் தொடங்கினார். முடித்து மூடப் போனபோது இவன், "என்ன எழுதினீங்க?" என்றான். அவர் நிமிர்ந்தார். இவன் கையை நீட்டவில்லை, அவர் முகத்தையும் பார்க்கவில்லை. "என்னைப் பத்தி என்ன எழுதினீங்க? படிங்க."

அவர் படித்தார். பெயர், வகுப்பு, சான்றிதழ் எண், கூடுதல் ஒரு மணி நேரம், தனி அறை.

"மின்விசிறி இல்லாத தனி அறை."

"பரீட்சை நேரம் வெயில் கொளுத்தும் தம்பி. வெந்துருவ."

"பாட்டியோட பனையோலை விசிறி எடுத்துட்டு வருவேன்."

அவர் பேனாவைத் திறந்து, "தனி அறை" என்பதற்கு முன்னால் ஒரு அம்புக்குறி போட்டு, மேலே சிறிய எழுத்தில் "மின்விசிறி இல்லாத" என்று எழுதினார். அதையும் படித்துக் காட்டினார்.